பல்லாவரத்துக் கல்லைப் படித்தவர்

காரைக்காலில் கல் கிடையாது. வீடு கட்டக் கடைக்கால் தோண்டினாலும் சரி, கிணறு வெட்டினாலும் சரி, களிமண் வரும், மணல் வரும், இன்னும் ஆழம் போனால் சிப்பி ஓடு கலந்த கறுத்த சேறு வரும். கல் மட்டும் வராது. நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும், கோயில் தூணும், இப்போது மாடி வீட்டுக்குப் போடுகிற ஜல்லியும் எல்லாமே மேற்கேயிருந்து வண்டியேறி வந்தவை. காவிரியும் அதன் கிளையான அரசலாறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலின் மீது வாழ்கிறவர்கள் நாம். எனவே நம் மாணவர்களுக்கு நெல்லின் வகை தெரியும், மீனின் வகை தெரியும்; கல்லின் வகை தெரிவதில்லை. கருங்கல் என்ற ஒரே சொல்லில் அத்தனையையும் அடக்கிவிடுகிறோம்.

அந்தக் கருங்கல்லில் ஒரு வகையைத் தனியே பிரித்தெடுத்து, அதற்கு உலகம் முழுவதும் வழங்கும் ஒரு பெயரையும் வைத்தவர் சர் தாமஸ் ஹென்றி ஹாலண்டு. நிலவியல் படித்தவர்கள் அனைவரும் அறிந்த பெயர் இது. மற்றவர்கள் அவ்வளவாக அறிந்திருக்க நியாயமில்லை. நான் வேதியியல் கற்பிப்பவன். நிலவியல் என் துறையன்று. இருந்தும் உருகுநிலை பற்றிய பாடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இவரைப் பற்றிப் பேசாமல் என்னால் அப்பாடத்தை முடிக்க முடிந்ததில்லை. ஏன் என்பதை இக்கட்டுரை சொல்லும்.

ஹாலண்டு 1868ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் பகுதியில், ஹெல்ஸ்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் கிரானைட் பாறைகளுக்கும் பேர்போன மண் அது. லண்டனில் அரசு அறிவியல் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படித்தார். பாறையை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியின் அடியில் வைத்துப் பார்க்கும் கலை அப்போது புதியது. அக்கலையில் வல்லவரான பேராசிரியர் ஜட் அவர்களிடம் பயிற்சி பெற்றது ஹாலண்டின் வாழ்க்கைக்குத் திசை காட்டியது எனலாம். 1890இல், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து கல்கத்தாவுக்கு வந்தார்.

அங்கே அவருடைய பொறுப்பு அருங்காட்சியகமும் ஆய்வுக்கூடமும். நாடு முழுவதிலுமிருந்து வந்து குவியும் கற்களைப் பிரித்து அடுக்குவது ஓர் இளைஞனுக்கு அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் அலுப்பூட்டும் வேலையிலிருந்துதான் இவருடைய பெரிய கண்டுபிடிப்பு வந்தது.

கல்கத்தாவில் செயிண்ட் ஜான் தேவாலயத்து வளாகத்தில் ஜோப் சார்னோக் என்னும் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகரின் கல்லறை இருக்கிறது. எட்டுப் பட்டை கொண்ட சிறு மண்டபம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கிற்காகச் சென்றபோது நானும் போய்ப் பார்த்தேன். உள்ளே லத்தீன் எழுத்துப் பொறித்த கறுத்த கல் ஒன்று. அதில் கை வைத்தபோது எனக்கு எங்கள் பாட்டி வீட்டு அம்மியின் வழவழப்புத்தான் நினைவுக்கு வந்தது. வங்காளத்திலும் நம்மூர் போலவே வண்டல்தான். கல் வெளியிலிருந்து வரவேண்டும். இந்தக் கல் சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து கப்பலேறிப் போனது. ஹாலண்டு இக்கல்லைச் சோதித்து 1893இல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். மூன்றே பக்கம். அதில் இப்பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்.

பல்லாவரத்துக் கல்லுக்கு ஒரு வணிகரின் பெயரா என்று நம்மவர்களுக்குத் தோன்றக்கூடும். எனக்கும் தோன்றியதுண்டு. 2003ஆம் ஆண்டு கல்கத்தா உயர்நீதிமன்றம் சார்னோக்கை அந்நகரத்தின் நிறுவனராகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. நகரத்திலிருந்து பெயர் போயிற்று. கல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பாறைக்கு ஒருமுறை வைத்த பெயரை எந்த நீதிமன்றத்தாலும் மாற்ற முடியாது போலும்!

அந்தக் கல்லில் அப்படி என்ன விசேஷம்? சாதாரணக் கிரானைட்டில் மூன்று பொருள்கள் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் பெல்ஸ்பார், பிறகு கறுப்பாக மின்னும் அபிரகம். இந்தக் கறுப்பு அபிரகத்துக்குப் பயோட்டைட் என்று பெயர். அபிரகத்தின் படிகக் கூட்டுக்குள்ளே நீர், ஐதராக்சில் தொகுதியாக, கட்டுண்டு கிடக்கிறது. அபிரகத்தை ஒரு சோதனைக் குழாயில் இட்டுக் கடுமையாகச் சூடேற்றினால் அந்த நீர் ஆவியாக வெளிவரும். பல்லாவரத்துக் கல்லில் குவார்ட்ஸ் இருந்தது, பெல்ஸ்பார் இருந்தது. அபிரகம் இருக்க வேண்டிய இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் என்னும் வேறொரு கனிமம் இருந்தது. இரும்பும் மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்தது அது. அதில் நீர் இல்லை. சுருங்கச் சொன்னால், இது நீர் வற்றிய கிரானைட்.

இதே பாறையை ஹாலண்டு பரங்கிமலையில் கண்டார், சேர்வராயன் மலையில் கண்டார், நீலகிரியில் கண்டார், பழனி மலையில் கண்டார். சென்னை மாகாணத்தில் உயர்ந்து நிற்கும் மலை எதுவாயினும் பெரும்பாலும் இக்கல்லாகவே இருக்கக் கண்டார். ஒரு கல்லறையில் தொடங்கிய விசாரணை ஒரு மாகாணத்தின் மலைகளையெல்லாம் வளைத்துக்கொண்டது.

இதற்கிடையே அவர் வாழ்வில் நீர் வேறொரு வடிவில் குறுக்கிட்டது. இதைச் சற்று விரிவாகவே சொல்லத் தோன்றுகிறது. பாடநூல்களில் இது வருவதில்லை.

1893 செப்டம்பரில் இமயமலையின் கார்வால் பகுதியில், கோனா என்ற ஊருக்கருகே மலைச்சரிவு ஒன்று இடிந்து விழுந்து பிரேகி கங்கை என்னும் ஆற்றை அடைத்துவிட்டது. அடைப்பின் உயரம் சுமார் 900 அடி. அதன் பின்னே நீர் தேங்கி நாளுக்கு நாள் ஏரி வளர்ந்துகொண்டிருந்தது. கீழே அலக்நந்தா நதிக்கரை நெடுகிலும் ஊர்கள், சந்தைகள், கோயில்கள். அதற்கும் கீழே ஹரித்துவார். அடைப்பு எப்போது உடையும் என்பதே கேள்வி. அதை நேரில் ஆராய அனுப்பப்பட்டவர் இருபத்தைந்து வயது ஹாலண்டு.

அவர் அடைப்பின் மண்ணையும் கல்லையும் பார்த்தார்; ஏரிக்கு வரும் நீரின் அளவைக் கணக்கிட்டார். அடைப்பு தானாகத் தகர்ந்து விழாது, நீர் முழுவதும் நிரம்பி மேலே வழியும்போதுதான் அரித்துக்கொண்டு உடையும், அதுவும் 1894 ஆகஸ்டு மாத வாக்கில் நிகழும் என்பதே மதிப்பீடு. பொதுப்பணித்துறைப் பொறியாளர்களின் கணிப்பும் இதனோடு ஒத்துவந்தது. அரசு நம்பியது. அடைப்பிலிருந்து ஹரித்துவார் வரை தந்திக் கம்பி இழுக்கப்பட்டது. ஏரிக்கரையில் ஓர் அதிகாரி இரவு பகலாகக் காவலிருந்தார். ஆற்றங்கரையில் வெள்ளம் ஏறக்கூடிய உயரம் வரை அடையாளத் தூண்கள் நடப்பட்டன. மக்கள் அதற்கு மேலே குடியேற்றப்பட்டனர். பாலங்களைக்கூடக் கழற்றி எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டு 25ஆம் நாள் ஏரி வழிந்தது. அன்று நள்ளிரவில் அடைப்பு உடைந்தது. நான்கே மணி நேரத்தில் ஏரியின் பெரும்பகுதி நீர் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. கார்வாலின் ஸ்ரீநகர் என்ற ஊர் அடித்துச் செல்லப்பட்டது. ஆனால் எச்சரிக்கையை மீறித் திரும்பிப் போன ஒரு பக்கிரியின் குடும்பத்தில் ஐந்து பேரைத் தவிர உயிர்ச்சேதம் எதுவுமில்லை.

நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 26 காலையில், நம் பட்டினச்சேரிக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் இப்படி ஒரு தந்தி வந்திருந்தால் என்று நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை.

கோனாவிலிருந்து திரும்பிய ஹாலண்டு மீண்டும் தம் கல்லுக்கே வந்தார். 1900ஆம் ஆண்டு நிலவியல் ஆய்வுத் துறை வெளியிட்ட அவருடைய நூல் நூற்று முப்பது பக்கம் கொண்டது. தீபகற்ப இந்தியாவின் மிகப் பழைய பாறைகளுள் ஹைப்பர்ஸ்தீன் கொண்டவற்றையெல்லாம் ஒரே குடும்பமாக அது தொகுத்தது. வெளுத்த கிரானைட் வகை முதல் கன்னங்கரேலென்ற இரும்பு மிகுந்த வகை வரை அனைத்தும் ஒரே பாறைக் குழம்பிலிருந்து பிறந்த உடன்பிறப்புகள் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிவன்மலைப் பாறைகளைப் பற்றி இன்னொரு நூல் எழுதினார். காங்கேயத்துக்கு அருகே குன்றின்மேல் முருகன் கோயில் கொண்டிருக்கும் அதே சிவன்மலைதான். அங்கே குருந்தம் என்னும் கடினமான கனிமம் கிடைப்பதையும் அவர் விரிவாக எழுதினார்.

இங்கேதான் உருகுநிலைப் பாடம் வருகிறது. மாணவர்கள் ஆய்வகத்தில் கலப்பு உருகுநிலை காண்பார்கள். தூய பொருள் ஒன்று ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் உருகும்; அதில் வேறொன்றைச் சிறிது கலந்தால் அதற்குக் குறைந்த வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். பாறையும் இதற்கு விலக்கன்று. பாறையோடு கலந்து அதன் உருகுநிலையை வெகுவாகக் கீழே இறக்கும் பொருள் நீர்தான் என்றால் முதலில் நம்பக் கடினமாக இருக்கும். நெருப்பை அணைக்கும் நீர், கல்லை உருக்குமா?

அடுப்பில் வெறும் சட்டியில் வெல்லக்கட்டியைப் போட்டால் அது இளகுவதற்குள் அடி கருகிவிடும். ஒரு கரண்டி நீர் விட்டால் உடனே பாகாகிறது. உவமை முழுவதும் பொருந்தாதுதான்; சட்டியில் நடப்பது கரைதல். எனினும் பூமிக்குள் நடப்பதும் இதற்கு வெகுதூரமில்லை. பாறைக் கனிமங்களில் சிலிக்கனும் ஆக்சிஜனும் கைகோத்து ஒரு பெரிய வலைபோல் நிற்கின்றன. மிகுந்த வெப்பத்தில் நீர் மூலக்கூறு அந்த வலைக்குள் புகுந்தால் ஆக்சிஜன் பாலம் அறுபட்டு, அறுந்த இரு முனைகளிலும் ஐதராக்சில் ஒட்டிக்கொள்கிறது. வலை தளர்கிறது. தளர்ந்த வலை குறைந்த வெப்பத்திலேயே குழம்பாகிறது.

நிலத்தின் மேல் இது நடக்காது. நீர் ஆவியாகி ஓடிவிடும். மேலே கனமான மூடி வேண்டும். பல கிலோமீட்டர் தடித்த பாறையே அந்த மூடி. இதை ஆய்வகத்தில் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் டட்டில், போவன் என்னும் இருவர். சிறு உலோகக் குழாய்க்குள் பாறைப் பொடியையும் ஒரு துளி நீரையும் இட்டு முத்திரையிட்டு, உயர்ந்த அழுத்தத்தில் சூடேற்றினார்கள். 1958இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இன்றும் நிற்கிறது. நீரில்லாத கிரானைட் உருகத் தொடங்க 950 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். ஏழு கிலோமீட்டர் ஆழத்துக்குச் சமமான, அதாவது 2000 வளிமண்டல அழுத்தத்தில், நீர் நிறைந்திருந்தால் 700 பாகைக்குச் சற்றுக் குறைவாகவே உருகத் தொடங்கிவிடுகிறது. இன்னும் ஆழம் போனால் 650 பாகையே போதும். ஏறத்தாழ 300 பாகை வித்தியாசம். பூமியின் மேலோட்டின் அடிப்பகுதியில் உள்ள வெப்பத்தில் நீர் இருந்தால் பாறை உருகும், இல்லாவிட்டால் கல்லாகவே கிடக்கும். அந்த ஆழத்தில் வழக்குகளைத் தீர்ப்பது நெருப்பன்று, நீரே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நீர் நிறைந்த குழம்பு மேலே ஏறி வரும்போது மூடியின் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் நீர் கலந்த பாறையின் உருகுநிலை மீண்டும் உயர்கிறது. எனவே அக்குழம்பு வழியிலேயே உறைந்துபோகிறது. நிலத்தடியிலேயே இறுகிப்போன பெரும் கிரானைட் திரள்கள் பலவற்றின் கதை இதுதான்.

இப்போது பல்லாவரத்துக் கல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டுச் சார்னோக்கைட்டுகள் இருபது முதல் முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகைக்கும் 800 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்தவை என்பது பிற்காலத்தார் கண்டறிந்தது. சென்னைப் பக்கத்துக் கற்களின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. அவ்வளவு வெப்பத்தில் நீர் இருந்திருந்தால் அவை உருகி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அபிரகமும் இல்லை. அப்படியானால் நீர் எங்கே போயிற்று? ஹாலண்டின் நூலில் இக்கேள்வி எழவில்லை. அவர் கண்ணுக்கு ஹைப்பர்ஸ்தீன் ஓர் அடையாளம், ஒரு குடும்ப மச்சம், அவ்வளவே. ஆனால் கேள்வி எழுவதற்கான பொருளை வரிசைப்படுத்தி மேசைமீது வைத்துவிட்டுப் போனவர் அவர்தான்.

1903இல் ஹாலண்டு நிலவியல் ஆய்வுத் துறையின் இயக்குநரானார். வயது முப்பத்து நான்கு. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. அத்துறையில் 1880ஆம் ஆண்டிலேயே சேர்ந்தவர் பிரமத நாத போஸ். ஹாலண்டைவிடப் பத்தாண்டு மூத்தவர். லண்டனில் படித்தவர், நடு இந்தியாவின் காடுகளில் ஆண்டுக்கணக்கில் நடந்து பாறைகளை ஆராய்ந்தவர். அவரைத் தாண்டி இளையவரான ஹாலண்டுக்குப் பதவி போயிற்று. போஸ் பணியிலிருந்து விலகிக்கொண்டார். ஆண்டவர்களின் நிறம் பார்த்து அமைந்த ஏணியில் நடந்தது இது. ஹாலண்டின் திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திறமை ஒன்றுதான் அன்று அளவுகோலாக இருந்தது என்று சொன்னால் நான் என் மாணவர்களுக்குப் பொய் சொன்னவனாவேன்.

போஸ் சோர்ந்து உட்காரவில்லை. மயூர்பஞ்சு சமஸ்தானத்துக்குச் சென்று கோருமகிசானி மலையில் இரும்புத் தாதுவைக் கண்டு, 1904 பிப்ரவரியில் ஜாம்செட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலை அந்தக் கடிதத்திலிருந்து முளைத்தது.

இயக்குநர் நாற்காலியில் ஹாலண்டு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நாட்டின் கனிம உற்பத்தியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து வெளியிடும் வழக்கத்தை ஏற்படுத்தினார். 1904இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1906இல் சுரங்கவியலாருக்கும் நிலவியலாருக்கும் ஒரு சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவரே. 1908இல் சர் பட்டம் கிடைத்தது. பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராகச் சென்றார்.

முதல் உலகப் போர் அவரை மீண்டும் இந்தியாவுக்கு இழுத்து வந்தது. 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்துக்கு அவர் தலைவர். இந்தியா தனக்கு வேண்டிய பொருளைத் தானே செய்துகொள்ள அரசு உதவ வேண்டும் என்பது 1918இல் வந்த அறிக்கையின் சாரம். உறுப்பினராயிருந்த மதன் மோகன் மாளவியா, அது போதாதென்று தனியே ஒரு நீண்ட மாற்றுக் குறிப்பு எழுதி இணைத்தார். போர்த் தளவாட வாரியத்துக்கும் ஹாலண்டே தலைவராயிருந்தார். அவ்வாரியத்தின் ஒப்பந்தங்களில் நடந்த மோசடி தொடர்பான வழக்கொன்றை அரசு கைவிட்டபோது பெரும் கூச்சல் எழுந்தது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த ஹாலண்டு 1921இல் பதவி விலகி நாடு திரும்பினார். அதன்பின் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைவர், 1929 முதல் 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வரும் துணைவேந்தரும் என்று நிர்வாகத்திலேயே காலம் கழிந்தது. நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்த அந்த இளைஞனை அலுவலகக் கோப்புகள் விழுங்கிவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தியா விடுதலை பெறுவதற்கு மூன்று மாதம் முன்பு, 1947 மே 15ஆம் நாள், அவர் காலமானார்.

அவர் விட்டுச் சென்ற கல்லுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. கல் குழம்பிலிருந்து பிறந்ததா, அல்லது வேறொரு பழைய பாறை வெந்து மாறியதா என்று அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர். 1960இல் ஒரு புதிய சாட்சியைக் கொண்டுவந்தவர் பெயரிலேயே தமிழ் மணக்கும் சி. எஸ். பிச்சமுத்து. கர்நாடகத்தில் கப்பால்துர்கா என்னும் இடத்துக் கல்குவாரியில், சாம்பல் நிறப் பாறையின் நடுவே மை தெளித்தாற்போலக் கறுத்த திட்டுகள் இருப்பதை அவர் கண்டார். சாம்பல் பாறையில் அபிரகம் இருந்தது. கறுத்த திட்டில் ஹைப்பர்ஸ்தீன் இருந்தது. ஒரே கல்லில், சாண் அகலத்துக்குள், நீருள்ள பாறை நீரற்ற பாறையாக மாறிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிட்டது. இந்தச் சேதியை அவர் நேச்சர் என்னும் ஆங்கில இதழில் வெளியிட்டார்.

நீரைத் துரத்தியது எது என்பதற்கு இன்று இரண்டு விடைகள் உண்டு. ஆழத்திலிருந்து எழுந்த கரியமில வாயு பாறையின் விரிசல்களில் புகுந்து நீரை விரட்டியது என்பது ஒன்று. இதற்குச் சான்றாக, இக்கற்களின் குவார்ட்ஸ் மணிகளுக்குள் நுண்ணிய குமிழிகளில் கரியமில வாயு அடைபட்டுக் கிடப்பதைக் காட்டுகிறார்கள். பாறைக் குழம்பு நீரை விரும்பி உட்கொள்ளும். கரியமில வாயுவை அவ்வளவாக ஏற்காது. எனவே இவ்வாயு நிறைந்த இடத்தில் வெப்பம் இருந்தும் பாறை உருகாமல் நின்றது. மற்ற விடை, அபிரகமே சிதைந்து சிறிதளவு குழம்பு உண்டாகி, அக்குழம்பு நீரைத் தன்னோடு வாரிக்கொண்டு மேலே போய்விட, மிஞ்சிய சக்கை வறண்டுபோயிற்று என்பது. கரும்பைப் பிழிந்தபின் சக்கை நிற்பதுபோல. சில மலைகளுக்கு முதல் விடையும், சிலவற்றுக்கு இரண்டாவதும் பொருந்துகின்றன. எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம். வாயு வேண்டிய அளவுக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதல் கட்சியார் திருப்தியாகச் சொல்லவில்லை.

கல்லே இல்லாத காரைக்காலுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். எண்ணெய் தேடி நம் பகுதியில் ஆழ்துளையிட்ட எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தார், காவிரிப் படுகையின் வண்டலுக்கும் படிவப் பாறைக்கும் அடியில் மேடுபள்ளமாகக் கிடக்கும் மிகப் பழைய அடித்தளப் பாறையின் படத்தை வரைந்திருக்கிறார்கள். வடக்கே தரங்கம்பாடிப் பள்ளம், தெற்கே நாகப்பட்டினப் பள்ளம். இரண்டையும் பிரித்து நிற்கும் நிலத்தடி முகட்டுக்குப் பெயர் காரைக்கால் முகடு. சேர்வராயனும் பழனியும் எந்தப் பழங்காலத்தைச் சேர்ந்தவையோ அந்தக் காலத்து மலைத்தொடர் ஒன்று நம் நெல் வயல்களுக்கு அடியிலும் புதைந்து கிடக்கிறது. வெளியே தெரியும் மேட்டைக்கூடக் காணாத நம் ஊரின் பெயர், நிலவியல் வரைபடத்தில் ஒரு முகட்டுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது!

நம் கடலுக்கு அக்கரையிலோ நேர் எதிரான காட்சி. காரைக்காலிலிருந்து கிழக்கே சுமார் 1500 கிலோமீட்டர் தொலைவில், அந்தமானுக்கு அப்பால் பேரன் தீவு இருக்கிறது. இந்தியாவில் இன்றும் நெருப்புக் கக்கும் ஒரே எரிமலை அதுதான். நெடுங்காலம் உறங்கி 1991இல் விழித்துக்கொண்டது. அங்கே வங்கக் கடலின் தரை கிழக்கு நோக்கிச் சரிந்து பூமிக்குள் புகுகிறது. புகும்போது கடல்நீர் ஊறிய சேற்றையும், நீரைக் கட்டிவைத்திருக்கும் கனிமங்களையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் அந்த நீரைப் பிழிந்தெடுக்கின்றன. பிழிந்த நீர் மேலேயுள்ள மேண்டில் அடுக்கில் ஏறுகிறது. 1400 பாகைக்கு மேல் சூடேற்றினாலும் உருகாத அந்தப் பாறை, நீர் பட்டதும் பல நூறு பாகை குறைவான வெப்பத்திலேயே குழம்பாகிறது. அக்குழம்பே எரிமலையாக எழுகிறது. சுமத்திராவிலும் ஜாவாவிலும் வரிசையாக நிற்கும் எரிமலைகளுக்கும் இதுவே காரணம். 2004இல் நம் கரைக்கு ஆழிப்பேரலையை அனுப்பியதும் இதே சரிவுதான். தரை வழுக்கிய இடம் சுமத்திராவின் பக்கம்.

அந்த நீரில் ஒரு பங்கு எரிமலையோடு வெளிவராமல் இன்னும் கீழே போகிறது. 2014இல் பிரேசில் நாட்டில் கிடைத்த ஒரு சிறு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்னும் கனிமத்தின் துணுக்கு ஒன்றைக் கண்டார்கள். 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உண்டாகும் கனிமம் அது. அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நீராக இருந்தது.

சென்னைக்குச் செல்லும் நம் மாணவர்கள் விமான நிலையத்தை அடுத்த பரங்கிமலைமீது ஏறிப் பார்க்கலாம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அங்குள்ள பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மலைக்கு மேலே போகும் படிக்கட்டின் ஓரத்தில் புதிதாக உடைந்த முகம் ஒன்று கிடைத்தால் வெயிலில் பிடித்துப் பாருங்கள். குவார்ட்ஸ் சற்று நீலம் பூத்தாற்போல் தெரியும், மற்றவை எண்ணெய் தடவியதுபோல் மங்கிய பச்சையாய் இருக்கும். மின்னுகிற அபிரகத் தகடு ஒன்றுகூட அகப்படுவது அரிது.